சாய்தளம் – 14: ஒழுங்குகெட்ட ஒரு முகாம்

கேம்ப் டேவிட்டைத் தெரியாதவர்கள் குறைவு. அமெரிக்க ஜனாதிபதிகளின் மலைவாசத் தங்குமிடம். 1978-ல் எகிப்தின் சதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் பதின்மூன்று நாள் உட்காரவைத்து சமாதானம் பேசிய இடம். மேரிலாந்து மாநிலத்தில் கடாக்டின் மலைக்காட்டுக்குள் இருக்கிறது. அதே காட்டில் கிரீன்டாப் என்று இன்னொரு முகாமும் இருக்கிறது. அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சென்ற வாரம் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை வார்ம் ஸ்பிரிங்ஸின் வெந்நீர் ஊற்றில் விட்டுவிட்டு வந்தோம். அவர் ஜனாதிபதியானபோது நாடு பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்தது. வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக அரசு தொடங்கிய பணிகளில் ஒன்று, கடாக்டின் மலையில் மரக் குடில்கள் கட்டுவது. நகரத்து ஏழைகளும் தொண்டு நிறுவனங்களும் கோடையில் வந்து தங்கிப்போகலாம் என்பது திட்டம். முதல் முகாம் மிஸ்டி மவுன்ட். 1937-ல் பால்டிமோரிலிருந்து கால் ஊனமுற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு சங்கத்தார் அங்கே வந்தார்கள். வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. குடில்கள் எல்லாம் சரிவில் இருந்தன. ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் வந்த பிள்ளைகள் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போவதே பெரும்பாடு. அடுத்த ஆண்டு சமதரை பார்த்துக் கட்டிய இரண்டாவது முகாமுக்கு அவர்களை மாற்றினார்கள். அதுதான் கிரீன்டாப். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான மிகப் பழைய முகாம்களில் ஒன்று.

மூன்றாவதாகக் கட்டிய முகாம் அரசு ஊழியர் குடும்பங்களுக்கானது. 1942-ல் ரூஸ்வெல்ட் அதைத் தன் ஓய்விடமாக்கிக்கொண்டு ஷாங்ரி-லா என்று பெயர் வைத்தார். பின்னால் வந்த ஐசன்ஹோவர் தன் பேரன் பெயரில் அதை கேம்ப் டேவிட் ஆக்கினார். ஆக, நடக்க முடியாத ஒரு ஜனாதிபதி, நடக்க முடியாத பிள்ளைகளின் முகாமுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆனார். ரூஸ்வெல்ட்டின் சக்கர நாற்காலியைப் பத்திரிகைகள் படம் எடுக்காமல் பார்த்துக்கொண்ட கதையை முன்பே சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் கிரீன்டாப் பிள்ளைகளுக்கு அப்படி மறைக்க ஒன்றும் இல்லை. போர் வந்ததும் அந்த முகாமையும் ராணுவம் எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்து முகாம்களின் நோக்கம் நல்ல காற்று, நல்ல பால், கொஞ்சம் வெயில். கோடை விடுமுறையைக் காட்டில் கழிப்பது அமெரிக்க நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சடங்கு மாதிரி. ஜூன் கடைசியில் பேருந்தில் ஏறினால் ஆகஸ்டு கடைசியில்தான் வீடு. அந்தச் சடங்கிலிருந்து விடுபட்ட பிள்ளைகள்மேல் இரக்கப்பட்டவர்கள் அவர்களுக்கென்று தனியாக ஏற்பாடு செய்தார்கள். இரக்கத்தில் பிறந்தவை என்பதால் அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நாலு சுவருக்குள் கிடந்த பிள்ளைக்கு ஆற்றுத் தண்ணீரில் கால் நனைப்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் இந்த வாரம் நான் சொல்ல வந்தது, அப்படிப்பட்ட முகாம்களில் ஒன்று எப்படித் தறிகெட்டுப் போனது, போனதால் என்ன விளைந்தது என்பதைத்தான்.

அதன் பெயர் ஜெனட். நியூயார்க் நகரத்துக்கு வடக்கே கேட்ஸ்கில் மலைத்தொடரில், ஹன்டர் மலையின் அடிவாரத்தில் 1951-ல் தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் குடும்பத்தினர். காலத்தைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டு, 1952-ல், அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேரைப் போலியோ தாக்கியது. அது கோடையில் வரும் நோய். நீச்சல் குளங்களை மூடினார்கள். பிள்ளைகளைத் திரையரங்குக்கு அனுப்பப் பெற்றோர் பயந்தார்கள். சால்க்கின் தடுப்பூசி பலிக்கிறது என்ற அறிவிப்பு 1955 ஏப்ரலில்தான் வந்தது. அதற்குள் காலில் இரும்புச் சட்டம் மாட்டிய ஒரு தலைமுறையே பள்ளி வாசலில் வந்து நின்றுவிட்டது. பள்ளிகளோ கதவைத் திறக்கவில்லை.

அந்தத் தலைமுறையில் ஒருத்தி ஜூடி ஹியூமன். 1947-ல் பிறந்தவள். ஒன்றரை வயதில் போலியோ. பெற்றோர் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து சிறு வயதில் தப்பி வந்த யூதர்கள். இருவருமே பெற்றோரை யூதப் படுகொலையில் பறிகொடுத்தவர்கள். குழந்தையை ஏதாவது காப்பகத்தில் விட்டுவிடுங்கள் என்று மருத்துவர் ஆலோசனை சொன்னார். குறையுள்ளவர்களைத் தனியே எடுத்துப்போன ஒரு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அந்த ஆலோசனை எப்படிக் கேட்டிருக்கும்? முடியாது என்றார்கள்.

ஐந்து வயதில் அம்மா அவளுக்கு நல்ல கவுன் போட்டு, புரூக்ளினில் தெருவிலிருந்த பள்ளிக்கு அழைத்துப்போனார். சக்கர நாற்காலி தீவிபத்துக் காலத்தில் இடைஞ்சல் என்று சொல்லித் தலைமையாசிரியர் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு வீட்டுக்கே ஆசிரியர் வந்தார். வாரத்துக்கு மொத்தம் இரண்டரை மணி நேரம். ஒன்பதாவது வயதில் ஒருவழியாகப் பள்ளியில் இடம் கிடைத்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய தனி வகுப்பு, கட்டடத்தின் அடித்தளத்தில். மேலே மற்ற பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்கும். கீழே ஒரே அறையில் ஒன்பது வயதுப் பெண்ணும் இருபது வயது இளைஞனும் ஒன்றாகப் படித்தார்கள். மேல்நிலை வகுப்பு வந்ததும் மறுபடி வீட்டுக்கே அனுப்பிவிடுவது அன்றைய வழக்கம். ஜூடியின் அம்மாவும் வேறு சில தாய்மார்களும் கல்வி அதிகாரிகளோடு சண்டைபோட்டு அதை மாற்றவைத்தார்கள். இந்த அம்மாக்களைப் பற்றி யாரும் தனியாகப் படம் எடுக்கவில்லை. எடுக்கலாம்.

அதே ஒன்பது வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை ஜூடி கோடைதோறும் ஜெனட் முகாமுக்குப் போனாள். அங்கே கிடைத்த பெரிய நிம்மதி எது என்று பின்னாளில் அவர் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது. கழிப்பறைக்குப் போக, உடை மாற்ற, படுக்கையில் திரும்பிப் படுக்க, எல்லாவற்றுக்கும் வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டும். அம்மா சமையலில் இருக்கிறாள், அப்பா இப்போதுதான் கடையிலிருந்து வந்தார் என்று ஒவ்வொரு முறையும் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். முகாமில் அந்த உதவியைச் செய்யவே சம்பளத்துக்கு ஆள் இருந்தார்கள். யாரிடமும் கடன்பட்ட உணர்வு இல்லாமல் உதவி கேட்கலாம் என்பதை அந்தப் பெண் முதலில் அங்கேதான் அறிந்துகொண்டாள். உரிமை என்று பின்னால் சட்டப் புத்தகங்களில் ஏறிய சங்கதி, ஒரு சிறுமிக்கு இரவில் கூச்சமில்லாமல் சிறுநீர் கழிக்க முடிந்ததில் தொடங்கியது என்றால் மிகையில்லை.

அறுபதுகளின் கடைசியில் முகாம் மாறத் தொடங்கியது. வியட்நாம் போருக்கு எதிர்ப்பு, நீளத் தலைமுடி, கிட்டார், கஞ்சா என்று நாடே கலங்கிக் கிடந்த சமயம். லாரி அலிசன் பொறுப்பில் இருந்த ஜெனட்டுக்கு உதவியாளர்களாக வந்த கல்லூரிப் பிள்ளைகள் அந்தக் காற்றை முழுசாகக் கொண்டுவந்தார்கள். பலருக்கு மாற்றுத்திறனாளிகளோடு பழகிய அனுபவமே கிடையாது. பயிற்சி என்று பெரிதாக எதுவும் கொடுக்கவும் இல்லை. பேருந்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கி இறக்கும்போதுதான் பலர் முதன்முதலாக ஒரு சக்கர நாற்காலியைத் தொட்டார்கள். அலபாமாவிலிருந்து வந்த கறுப்பின இளைஞர் ஒருவர், தன்னை உலகம் பார்க்கும் பார்வைக்கும் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைக் கண்டுகொண்டதைப் பின்னால் சொல்லியிருக்கிறார். குறை இந்தப் பிள்ளைகளிடம் இல்லை, பார்க்கிற நம்மிடம்தான் என்ற தெளிவுக்கு அலிசனும் வந்து சேர்ந்தார்.

1971-ன் கோடை நமக்குக் கண்ணால் பார்க்கக் கிடைத்திருப்பது ஒரு தற்செயல். சோனி நிறுவனம் அப்போது தோளில் மாட்டிக்கொள்ளும் வீடியோ கேமரா ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைதான். தொலைக்காட்சி நிலையங்கள் காட்டாத மனிதர்களைக் காட்டுவோம் என்று கிளம்பிய ‘பீப்பிள்ஸ் வீடியோ தியேட்டர்’ என்ற சிறு குழு அதைத் தூக்கிக்கொண்டு ஜெனட்டுக்கு வந்து மணிக்கணக்கில் பதிவு செய்தது. அந்த ஒளிநாடாக்கள் பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்தன. முகாமுக்கு அந்த ஆண்டு பதினைந்து வயதில் வந்த ஜிம் லெப்ரெக்ட், வளர்ந்து ஒலி வடிவமைப்பாளராகி, நிக்கோல் நியூனம் என்ற இயக்குநரோடு சேர்ந்து அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார். 2020-ல் வந்த ‘கிரிப் கேம்ப்’ ஆவணப்படம் அதிலிருந்து உருவானது. ஒபாமா தம்பதியின் நிறுவனம் தயாரிப்பில் துணைநின்றது. சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது, ஆஸ்கர் பரிந்துரை எல்லாம் கிடைத்தன. நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. பொதுமுடக்கத்தின் முதல் வாரங்களில் வெளியானதால் பலர் தவறவிட்டிருப்பார்கள்.

ஜிம் தண்டுவடம் சரியாக மூடாமல் பிறந்தவர். நடக்க முடியாது. ஹிப்பிகள் நடத்தும் முகாம், உதவியாளர்களோடு சேர்ந்து கஞ்சா புகைக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் சேர்ந்தாராம். படத்தில் அந்தப் பையன் குறும்புச் சிரிப்போடு முகாமை நமக்குச் சுற்றிக் காட்டுகிறான். பேஸ்பால் ஆடுகிறார்கள், ஆட்டம் படு மோசம், யாருக்கும் கவலை இல்லை. நீச்சல் குளத்தில் பயமில்லாமல் மிதக்கிறார்கள். கிட்டார் வாசிக்கிறார்கள். காதலிக்கிறார்கள். மறைவிடம் தேடி முத்தமிடுகிறார்கள். ஒரு கட்டத்தில் முகாம் முழுக்கப் பேன் பரவி, எல்லோரையும் அடைத்துவைத்து மருந்து பூச வேண்டியதாயிற்று. எந்த வகைப் பேன் என்பதை ஒரு குடும்ப வார இதழில் எழுத ஆசிரியர் விடமாட்டார். அந்த வகை பரவக் காரணம் என்ன என்பது தெரிந்த பிள்ளைகள் வெட்கப்படாமல், கொஞ்சம் பெருமையாகவே சிரிக்கிறார்கள். தங்களை உலகம் குழந்தைகளாகவே வைத்திருந்தபோது இது ஒரு வகையில் வயதுக்கு வந்ததற்கு அத்தாட்சி.

சுகாதார ஆய்வாளர் யாராவது அன்று வந்திருந்தால் இடத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருப்பார். நியாயமும் அவர் பக்கம்தான் இருந்திருக்கும்.

ஆனால் அந்த ஒளிநாடாக்களில் வேறு இரண்டு காட்சிகள் இருக்கின்றன. முதலாவது, சாப்பாடு பற்றியது. சமையல்காரர்களுக்கு விடுமுறை, முகாமே சமைத்துக்கொள்ள வேண்டும். என்ன செய்வது என்று கூட்டம் கூடுகிறது. இருபத்து மூன்று வயது ஜூடி அப்போது உதவியாளராகத் திரும்பி வந்திருக்கிறார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, லசான்யாவா வேறு ஏதாவதா என்று கேட்கிறார். ஒருத்தர் ஆமாம் என்கிறார், ஒருத்தர் வேண்டாம் என்கிறார், ஒருத்தருக்கு அடுப்பின் அளவு பற்றிக் கவலை. ஜூடி யாரையும் விடவில்லை. பேச்சு திக்குகிறவர்களின் பதிலுக்கும் காத்திருக்கிறார். இவ்வளவு நேரம் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயமா லசான்யா என்று பார்க்கிற நமக்குப் பொறுமை போகிறது. ஆனால் தட்டில் என்ன விழும் என்பதில்கூட வாழ்நாளில் யாரும் கேட்டிராத பிள்ளைகள் அவர்கள். வைத்ததைச் சாப்பிட்டே வளர்ந்தவர்கள்.

இரண்டாவது காட்சியில் வட்டமாக உட்கார்ந்து பெற்றோர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்பு இருக்கிறது, ஆனால் மூச்சுமுட்டுகிறது என்பதுதான் எல்லோருடைய புகாரும். ஒலிவாங்கி ஒரு பெண்ணிடம் வருகிறது. கடுமையான மூளை முடக்குவாதம். அவள் பேசுகிறாள். ஒலிகள் இழுத்து இழுத்து வருகின்றன. நமக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஒரு நிமிடம் போகிறது. யாரும் குறுக்கே பேசவில்லை, தலையைத் தடவவில்லை, பரிதாபமாகச் சிரிக்கவில்லை. அவள் முடித்ததும் பக்கத்திலிருக்கும் பையன், அவள் சொன்னதைத் தனக்குப் புரிந்த அளவில் மற்றவர்களுக்குச் சொல்கிறான். தனக்கென்று ஒரு தனிமை வேண்டும், அது கிடைப்பதே இல்லை என்கிறாள் அவள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்தவருக்கு ஒலிவாங்கி போகிறது.

என் கணக்கில் ஜெனட் செய்த வேலை இதுதான். கைவினை, இசை, நீச்சல் என்று மணிக்கு மணி அட்டவணை போட்ட முகாமாக இருந்திருந்தால் இந்த வெட்டிப் பேச்சுக்கு நேரம் இருந்திருக்காது. பொறுப்பாளர்கள் கொஞ்சம் அசட்டையாக இருந்ததால் பிள்ளைகளுக்குத் தங்களைப் பற்றித் தாங்களே பேசிக்கொள்ளும் அவகாசம் கிடைத்தது. ஊரில் ஒவ்வொருவரும் தனியாக, தன் உடம்புதான் தன் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே எல்லோருக்கும் பள்ளிக் கதை ஒன்று இருந்தது. பேருந்தில் ஏற முடியாத கதை இருந்தது. எல்லாக் கதையும் ஒரே கதையாக இருந்தால் கோளாறு உடம்பில் இருக்க முடியாது என்பது கூட்டல் கணக்கு மாதிரி அவர்களுக்குத் தெரிந்துபோனது.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்குள்ளேயே மேல் கீழ் இருந்தது. போலியோ வந்தவர்கள் மேல்தட்டு. பார்வைக்கு மற்றவர்களைப் போல இருப்பார்கள், பேச்சு தெளிவாக இருக்கும். மூளை முடக்குவாதக்காரர்கள் கடைசி. இதைப் படத்தில் அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள் படிக்கட்டு கட்டிக்கொள்வதில் எந்த நாட்டுக்கும் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கோடை முடிந்தால் ஊர். ஊரில் பழைய உலகம் அப்படியே இருந்தது. ஜூடி கல்லூரி முடித்து 1970-ல் ஆசிரியர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு இரண்டிலும் தேறினார். மருத்துவச் சோதனையில், கழிப்பறைக்கு எப்படிப் போவாய், காட்டு என்று மருத்துவர் கேட்டார். நடக்க முடியாததைக் காரணம் காட்டி உரிமம் மறுத்தார்கள். வழக்குப் போட்டார். வழக்கு வந்து சேர்ந்தது, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியின் முன்னால். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து வழக்காடிப் பேர்பெற்றவர் அவர். இன்னொரு முறை சோதனை நடத்தச் சொன்னார். கல்வி வாரியம் இறங்கிவந்தது. நியூயார்க் நகரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடம் நடத்திய முதல் ஆசிரியை ஆனார் ஜூடி.

அந்த வழக்குச் செய்தியைப் பார்த்து வந்து குவிந்த கடிதங்களையும் தொலைபேசி அழைப்புகளையும் வைத்து ஒரு அமைப்பு தொடங்கினார்: ‘டிசேபிள்ட் இன் ஆக்‌ஷன்’. ஆள் சேர்க்க அலைய வேண்டியிருக்கவில்லை. ஜெனட் நண்பர்கள் இருந்தார்கள். 1972 தொடக்கத்தில் ஸ்டேட்டன் தீவிலிருந்த வில்லோபுரூக் காப்பகத்துக்குள் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் கேமராவோடு புகுந்து, ஆடையில்லாமல், அழுக்கில், தரையில் சுருண்டு கிடந்த பிள்ளைகளை நாட்டுக்குக் காட்டினார். நாலாயிரம் பேருக்குக் கட்டிய இடத்தில் ஒரு காலத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் அடைத்திருந்தார்கள். ஜூடியின் பெற்றோரிடம் மருத்துவர் சொன்ன காப்பகம் என்பது இந்த மாதிரியானதுதான்.

அதே ஆண்டு அக்டோபரில், மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுச் சட்ட முன்வரைவில் கையெழுத்திட ஜனாதிபதி நிக்சன் மறுத்தார். செலவு அதிகமாம். ஜூடியும் கூட்டாளிகளும் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் சக்கர நாற்காலிகளை நடுச்சாலையில் நிறுத்தினார்கள். மன்ஹாட்டனில் போக்குவரத்து நிலைகுத்தியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நிக்சன் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தின் கடைசியில், 504-ஆம் பிரிவாக ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டாட்சி அரசின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து, நூலகம் எல்லாம் அரசுப் பணம் வாங்குபவைதான். பிறகுதான் அதிகாரிகளுக்கு வியர்த்தது. விதிமுறைகளில் கையெழுத்திடாமல் நாலு வருடம் இழுத்தடித்தார்கள். ஒரு அமைச்சர் போய் இன்னொரு அமைச்சர் வந்தார். 1977-ல் கார்ட்டர் ஆட்சி. அமைச்சர் ஜோசப் கலிஃபானோ. அவரும் மறு ஆய்வு என்றார்.

இதற்குள் ஜூடி கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குக் குடிபெயர்ந்திருந்தார். கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் சேர்ந்து அங்கே 1972-ல் தொடங்கிய சுயசார்பு வாழ்வு மையம் அவரை இழுத்தது. ஜெனட் பட்டாளமும் ஒவ்வொருவராகப் பின்னால் வந்து சேர்ந்தது. குளிரும் பனியும் இல்லாத ஊர், சக்கர நாற்காலிக்குத் தோதான தெருக்கள், உதவியாளருக்கு அரசுப் பணம். முகாமில் எட்டு வாரம் கிடைத்ததை வருடம் முழுக்க வாழ்ந்துபார்க்கும் ஆசை.

1977 ஏப்ரல் 5-ஆம் தேதி பல நகரங்களில் ஒரே நேரத்தில் போராட்டம். வாஷிங்டனில் சாப்பாடு உள்ளே விடாமல் ஒரே நாளில் முடித்துவைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும், கலிஃபானோவின் துறை அலுவலகத்தின் நாலாவது மாடிக்குள் போன ஏறக்குறைய 150 பேர் வெளியே வரவில்லை. மாற்றுத் துணி இல்லை, படுக்கை இல்லை. சிலருக்கு இரவில் புரண்டு படுக்க ஆள் வேண்டும், சிலருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். தொலைபேசியை அதிகாரிகள் துண்டித்தபோது காதுகேளாதவர்கள் சன்னலருகே நின்று கீழே இருந்தவர்களோடு சைகையில் செய்தி பரிமாறினார்கள். மருந்துகளைக் குளிர்ச்சியாக வைக்கக் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. குளிரூட்டியின் வாய்க்கு ஒரு பெட்டியை ஒட்டுநாடாவால் ஒட்டி அதற்குள் வைத்தார்கள். கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் நாள்தோறும் சூடான சாப்பாடு கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பிராட் லோமேக்ஸ் அந்தக் கட்சிக்காரர். நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். தங்கள் ஆளுக்குப் போடும்போது மற்றவர்களுக்கும் போடுவோம் என்று வந்தவர்கள் கடைசிவரை நிறுத்தவில்லை.

ராத்திரிக்கு ராத்திரி கூட்டம். சைகை மொழிபெயர்ப்பு இல்லாமல் தொடங்காது. பேச்சு திக்குகிறவரும் பேசி முடிக்கும்வரை முடியாது. நள்ளிரவைத் தாண்டிப் போகும். தூக்கம் கெட்டாலும் யாரும் வாக்கெடுத்து முடிக்கலாம் என்று அவசரப்படவில்லை. லசான்யா கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. கூட இருந்த இடதுசாரித் தோழர் கிட்டி கோனிடம் போராட்டத் தந்திரம் இருந்தது. ஜெனட்காரர்களிடம் இந்தப் பொறுமை இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் முதல் வாரத்தில் கலைந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஏப்ரல் நடுவில் ஒரு குழு வாஷிங்டனுக்கே போனது. விமான நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றிப்போகப் பேருந்து கிடையாது. எந்திரத் தொழிலாளர் சங்கம் கொடுத்த சரக்கு லாரியின் பின்பக்கத்தில், இருட்டில், சக்கர நாற்காலிகள் ஒன்றோடொன்று இடிக்க, அமைச்சர் வீட்டு வாசலுக்குப் போனார்கள். ஏப்ரல் 28-ஆம் தேதி கலிஃபானோ கையெழுத்திட்டார். 30-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ கட்டடத்திலிருந்து பாட்டுப்பாடிக்கொண்டு வெளியே வந்தார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிக் கட்டடம் ஒன்றில் நடந்த மிக நீண்ட அமைதிவழி உள்ளிருப்பு அது. 1990 ஜூலையில் வந்த பெரிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு அடித்தளம் இந்த விதிமுறைகள்தான்.

அதே 1977-ல் ஜெனட் மூடப்பட்டது. காரணம் எளிது, காசில்லை. சுதந்திரமாக விட்டவர்களுக்குக் கணக்கெழுதத் தெரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. 1980-ல் மூளை முடக்குவாதச் சங்கம் ஒன்று ராக் ஹில் என்ற வேறு ஊரில் அதே பெயரில் மறுபடி நடத்தியது. 2009-ல் அதுவும் நின்றது.

ஒரு முரண்பாட்டைப் பேசாமல் போக முடியாது. ஒதுக்காதே என்று கேட்டவர்கள் உருவானது ஓர் ஒதுக்கப்பட்ட இடத்தில். மாற்றுத்திறனாளிகள் மட்டும் வரும் முகாம் என்பது அடித்தள வகுப்பின் கோடைக்காலப் பதிப்புதானே என்று இன்றைய செயல்பாட்டாளர்கள் கேட்கிறார்கள். 1990-க்குப் பிறகு எந்தப் பொது முகாமும் ஊனத்தைக் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது; கலந்து நடக்கும் முகாம்கள்தான் முறை என்கிறார்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நூறு பேர் நடுவே ஒரே ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு எல்லோரும் அன்பாகக் கதவு திறந்துவிடுவார்கள். அவனோடு சேர்ந்து கதவையே திட்ட ஓர் ஆள் வேண்டாமா? அடித்தள வகுப்புக்கு ஆசிரியர் இருந்தார், மேலே தலைமையாசிரியர் இருந்தார். ஜெனட்டில் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் வழியை விட்டு விலகி நின்றார்கள். ஜூடியைப் போல அங்கே வளர்ந்த சிலரே உதவியாளராகவும் திரும்பி வந்தார்கள். தனி இடமா பொது இடமா என்பதைவிட, அங்கே யார் பேச்சு எடுபடுகிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜூடி ஹியூமன் கிளின்டன் ஆட்சியில் கல்வித் துறை உதவிச் செயலாளராக இருந்தார்; பிறகு உலக வங்கியிலும் ஒபாமா காலத்து வெளியுறவுத் துறையிலும் மாற்றுத்திறனாளிகள் ஆலோசகர். தன் கதையை எழுதிப் புத்தகமாக்கினார். 2023 மார்ச் 4-ஆம் தேதி காலமானார்.

படத்திலும் இந்தக் கட்டுரையிலும் ஒரு கூட்டம் அநேகமாக இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஜெனட் காட்சிகளில் உடல் முடங்கியவர்கள் பேசுகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை அவ்வளவாகப் பார்க்க முடிவதில்லை. வில்லோபுரூக் போன்ற இடங்களில் அடைந்துகிடந்தவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். அவர்களுக்கான கோடை 1962 ஜூனில் வேறொரு வீட்டுத் தோட்டத்தில் தொடங்கியது. மேரிலாந்தில் டிம்பர்லான் என்ற பண்ணை வீடு. வீட்டுக்காரி யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், அப்போதைய ஜனாதிபதியின் தங்கை. அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கு 1941-ல் மூளையில் செய்த அறுவை சிகிச்சையைப் பற்றி அந்தக் குடும்பம் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கலாம்.

(தொடரும்)